மறுபதிப்பில் மனிதக் குரல்: ஜாஸ் இசைத்தட்டுகளின் ஒலித்தரம் பற்றிய ஆராய்ச்சி

மனிதக் குரலைப் போல ஓர் இசைத்தட்டு மறுபதிப்பின் குணதோஷங்களை உள்ளபடி எடுத்துக்காட்டும் வாத்தியம் வேறொன்றும் இல்லை. பியானோவின் நாதம் சற்று மங்கிக் கேட்டால் அந்தப் பியானோவே அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொள்ள இடமுண்டு. டிரம்ஸின் ஓசையில் கூர்மை மிகுந்தால் வாசித்தவருடைய கைவன்மை என்று சமாதானம் செய்துகொள்ளலாம். குரலின் விஷயத்தில் அவ்விதச் சமாதானம் செல்லாது. பிறந்த நாள் முதல் மனிதர் பேசுவதையும் பாடுவதையும் கேட்டுப் பழகிய செவி, மனிதத் தொண்டையிலிருந்து எது வரும், எது வராது என்பதை எந்தக் கருவியின் துணையுமின்றி அறிந்து வைத்திருக்கிறது. ஆகவேதான், ஒரே இசைத்தட்டு பல காலங்களில் பல நிறுவனங்களால் திரும்பத் திரும்ப அச்சிடப்படும் இந்நாளில், அவற்றுள் எது மேல், எது கீழ் என்று தீர்மானிக்க விரும்பும் ரசிகர்கள், ஜாஸ் பாடகர்களின் புகழ்பெற்ற தட்டுகளையே பெரும்பாலும் பரீட்சைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியைச் செபராங் ஜெயாவில் இருந்துகொண்டு செய்வதற்குப் போதிய நியாயம் உண்டு. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்துக்கும் பிறைக்கும் அருகில் அமைந்த இந்நகரிலிருந்து பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்குச் சென்றால், லோரோங் கூலிட் பழம்பொருட் சந்தையில் நாட் கிங் கோலின் தட்டும் பி. ரம்லியின் தட்டும் பழைய தமிழ்ப் பாட்டு ரெக்கார்டும் ஒரே அட்டைப்பெட்டியில் நெருங்கிக் கிடப்பதைக் காணலாம். அது தற்செயலாக நேர்ந்த சேர்க்கையன்று. மேனாட்டு நடன இசையும் மலாய்ப் பாட்டும் தமிழ்த் திரையிசையும் இந்தத் துறைமுகத்தில் ஒரே தலைமுறையினர் செவிகளில் ஒருங்கே புகுந்தன. ஜார்ஜ் டவுனில் பிறந்த ஜிம்மி பாய்ல் ஜாஸ் பியானோவின் இலக்கணத்தை மலாய் மெட்டுகளுக்குள் கொண்டுவந்தார். 1929இல் இத்தீவிலே பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பயின்று, 1948இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்ற பி. ரம்லி, 1950இல் எல். கிருஷ்ணன் என்ற தமிழர் இயக்கிய 'பக்தி' படத்தில் கதாநாயகனானார்; 1962இல் தாமே இயக்கிய 'இபு மெர்துவாக்கு' படத்தில் ஒரு சாக்ஸஃபோன் கலைஞனாகத் தோன்றினார். அக்கதையின் முக்கியமான பகுதி பினாங்கில்தான் நிகழ்கிறது. அவரும் பாடகி சலோமாவும் பாடிய பாட்டுகளில் ஜாஸ் பாடகர்களின் மூச்சும் நடையும் கலந்திருப்பதைச் செவியுள்ள எவரும் உணர்வர். எனவே ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டின் மறுபதிப்புகளை ஒப்பிட்டு நாம் கற்கும் பாடம் நம்முடைய பாடகர்களின் மறுபதிப்புகளுக்கும் பயன்பட வேண்டும் என்ற நோக்கத்துடனேயே இதை எழுதுகிறேன்.

என் துணிபைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். ஒரு மறுபதிப்பின் தரத்தைத் தீர்மானிப்பது தட்டின் கனமோ, அட்டையின் பளபளப்போ, அச்சிட்ட நிறுவனத்தின் கீர்த்தியோ அன்று. அந்தத் தட்டு எந்த மூலத்திலிருந்து, எத்தனை பிரதிகளைக் கடந்து, யாருடைய கையால் வெட்டப்பட்டது என்ற வம்சாவளியே. அந்த வம்சாவளியை மறைக்கும் மறுபதிப்பு எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், கேட்பவருக்குத் தர வேண்டிய ஒன்றைத் தராமல் விட்டதாகவே கொள்ள வேண்டும்.

மூலமும் பிரதியும்

1950களில் ஹாலிவுட்டிலோ நியூயார்க்கிலோ ஒரு பாடகி ஒலிவாங்கியின் முன் நின்று பாடியபோது, அவர் குரல் காந்த நாடாவில் பதிந்தது. அந்த நாடாவின் துண்டுகளை இணைத்து முதன்மை நாடா அமைத்தார்கள். அதைக் காப்பாற்றுவதற்காகவும் வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்புவதற்காகவும் அதிலிருந்து பிரதிகள் எடுத்தார்கள். பிறகு ஒரு நிபுணர் நாடாவை ஓடவிட்டு, மெழுகுபோன்ற மென்மையான லாக்கர் பூசிய தட்டில் நீலக்கல் ஊசியால் ஒரே தொடர்ச்சியான வரிப்பள்ளத்தை வெட்டினார். அந்த லாக்கரின் மேல் உலோகம் படியவைத்து, அதிலிருந்து அச்சுகள் எடுத்து, அவற்றால் வினைல் பிசினை அழுத்தி நம் கைக்கு வரும் தட்டைச் செய்தார்கள். இத்தனை படிகளில் ஒவ்வொன்றும் குரலிலிருந்து ஏதேனும் ஒன்றைக் கழிக்கிறது, அல்லது ஏதேனும் ஒன்றைக் கூட்டுகிறது. நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நாடாவின் இயற்கையான இரைச்சல் வளர்கிறது. உச்ச ஸ்தாயியின் நுண்மை தேய்கிறது. ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ அக்காலத்தில் அச்சிடப்பட்ட பல தட்டுகள் அமெரிக்கப் பதிப்புகளைவிட மங்கலாகக் கேட்பதற்குக் காரணம் அச்சுச் சாலையின் திறமைக் குறைவு என்று பலர் எண்ணுவதுண்டு. அங்கே சென்று சேர்ந்தது இரண்டாம் மூன்றாம் தலைமுறை நாடா என்பதே பெரும்பாலும் உண்மை.

ஆனால் முதற்பதிப்பே எல்லா வகையிலும் சிறந்தது என்ற நம்பிக்கையும் பரிசீலனைக்கு உரியது. அந்நாளில் வீடுகளில் இருந்த மலிவான கருவிகளின் கனத்த ஊசி, அழுத்தமான மந்தர ஒலி வந்தால் பள்ளத்தைவிட்டுத் துள்ளிவிடும் என்ற பயத்தால், வெட்டும் நிபுணர்கள் மந்தரத்தைக் குறைத்தே வெட்டுவது வழக்கமாக இருந்தது. 1963 மார்ச்சில் ரூடி வான் கெல்டர் தமது எங்கிள்வுட் கிளிஃப்ஸ் கூடத்தில் பதிவுசெய்த ஜான் கோல்ட்ரேன், ஜானி ஹார்ட்மன் இருவரின் இசைத்தட்டை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஹார்ட்மனுடையது கனிந்த ஆழமான ஆண்குரல். அக்குரலின் அடித்தளம் நாடாவில் எவ்வளவு இருந்தது, முதற்பதிப்பில் எவ்வளவு வந்தது என்பதைப் பிற்காலத்து நல்ல மறுபதிப்புகள் மூலமே நாம் அறிகிறோம். முதற்பதிப்பு அக்காலத்துக் கேட்போருக்கு நிபுணர் செய்து தந்த வியாக்கியானம். மறுபதிப்பு, நன்றாகச் செய்யப்பட்டால், மூலத்துக்கே திரும்பிச் செல்லும் முயற்சி. இரண்டுக்கும் தனித்தனி மதிப்புண்டு.

தட்டின் நடுவே, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் உள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பவர்களுக்கு இந்த வம்சாவளியின் சாட்சி கிடைக்கும். வான் கெல்டர் தாமே வெட்டிய தட்டுகளில் அவர் பெயரின் முத்திரை இருக்கும். இக்காலத்து மறுபதிப்புகளில் கெவின் கிரே தம் பெயரின் முதலெழுத்துகளாகிய கே.பி.ஜி. என்பதையும், ராயன் கே. ஸ்மித் ஆர்.கே.எஸ். என்பதையும் பொறிப்பது வழக்கம். லேபிளில் அச்சிட்ட விளம்பர வாசகத்தைவிட இந்தச் சிறு கீறல்கள் நம்பத்தக்கவை. வெட்டியவர் தம் கைவேலைக்குப் பொறுப்பேற்றிருக்கிறார் என்பதற்கு அவையே அத்தாட்சி.

ஒப்பிடும் முறை

இரண்டு மறுபதிப்புகளை ஒப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு, பல சமயங்களில் நாம் இரண்டு ஊசிகளையோ, இரண்டு ஒலியளவுகளையோ, இரண்டு அழுக்குகளையோதான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். முதலாவதாக ஒலியளவு: இரு தட்டுகளில் ஒன்று சிறிது உரக்க வெட்டப்பட்டிருந்தால், செவி அதையே தெளிவுமிக்கது என்று தீர்ப்பளித்துவிடும். ஆகையால், பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி ஒலிபெருக்கியின் திருகைச் சரிசெய்துகொண்ட பிறகே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும். இரண்டாவதாக ஊசியின் வடிவம்: ஒற்றைத்தட ஒலிப்பதிவான மோனோ தட்டுகளில் குரல் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது, ஸ்டீரியோ ஊசியோ மேல்கீழ் அசைவையும் வாசிப்பதால், தூசியும் கீறலும் எழுப்பும் ஓசைகள் பாட்டுடன் சேர்ந்துவிடுகின்றன. மோனோ ஊசியோ, குறைந்தபட்சம் ஒலிபெருக்கியில் மோனோ விசையோ இல்லாமல் 1950களின் தட்டுகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது முறையன்று.

மூன்றாவது விஷயம் சுத்தம். அது நம் சீதோஷ்ணத்தில் தனி அத்தியாயத்துக்கே உரியது. பினாங்கின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்காக இருந்த தட்டுகளின் பள்ளங்களில் வெண்ணிறப் பூசணம் சிலந்தி வலைபோலப் படர்ந்து, ஓட்டும்போது இடைவிடாத சரசரப்பாகக் கேட்கிறது. வினைல் தட்டாயின், காய்ச்சி வடித்த நீரில் சிறிதளவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றியெடுத்தால் அந்தச் சரசரப்பில் பெரும்பகுதி நீங்கிவிடும். ஆனால் அதே நீரைப் பழைய 78 சுழற்சி ரெக்கார்டில் ஒரு துளி விட்டாலும் அது நாசமாகும். ஏனெனில் அந்த ரெக்கார்டுகள் அரக்கினால் ஆனவை, அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்திருக்கும் நம் வீடுகளில் இந்த வேற்றுமையைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைப்பது நல்லது.

நான்காவது வேகம். அமெரிக்காவின் மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று அலைவது, நம்முடையது 50. அலைவெண்ணைச் சார்ந்து சுழலும் மோட்டார் உடைய அமெரிக்க டர்ன்டேபிளைக் கப்பி மாற்றாமல் இங்கே ஓட்டினால், வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, குரல் மூன்று அரைஸ்வரம் தாழ்ந்துவிடும். இவ்வளவு பெரிய பிழையை எவரும் கண்டுகொள்வர். சிறிய பிழைகளே அபாயமானவை. மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டின் முதற் பக்கம், பதிவின்போது நாடா யந்திரம் மெதுவாக ஓடிய காரணத்தால், 1992இல் வந்த திருத்தப் பதிப்பு வரையில் சுருதி சற்று உயர்ந்தே உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. சுருதியை மாதாவாகக் கொண்ட இசைமரபில் வளர்ந்த நமக்கு, வேகத்தை அளந்து பார்க்காத ஒப்பீடு ஒப்பீடாகாது என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நான்கையும் சீர்செய்த பிறகு, செவி எதைக் கவனிக்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. முதலில் பாடகர் 'ஸ', 'ஷ' ஓசைகளை உச்சரிக்கும் இடங்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும்போது, வெளிவிளிம்பில் ஊசியின் கீழே விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் நீளப் பள்ளம் ஓடுகிறது. உட்பக்கத்துக் கடைசிப் பாட்டை அடையும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஸகாரத்தின் அலைகள் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து எழுதப்படுவதால், அங்கே ஊசி தடுமாறிச் சீறுகிறது. ஆகையால் ஒரு மறுபதிப்பைச் சோதிக்க முதற்பாட்டைக் கேட்பதில் பயன் குறைவு. பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேட்க வேண்டும். அடுத்தது மூச்சு: நல்ல மறுபதிப்பில் பாடகி மூச்சை உள்ளிழுக்கும் ஓசை குரலோடு இயல்பாக ஒட்டியிருக்கும், உச்ச ஸ்தாயியைச் செயற்கையாக உயர்த்திய மறுபதிப்பிலோ மூச்சு குரலிலிருந்து பிரிந்து முன்னால் வந்து நிற்கும். மூன்றாவது, சொற்களுக்கு இடையேயுள்ள மௌனம். அந்த மௌனத்தில் பதிவுக்கூடத்தின் காற்றும் நாடாவின் மெல்லிய இரைச்சலும் கேட்டால் குறையன்று. பாட்டு நிற்கும்போது இரைச்சலும் சேர்ந்து நின்றுவிட்டால், யாரோ ஒருவர் வடிகட்டியைப் பிரயோகித்திருக்கிறார் என்று நிச்சயிக்கலாம்.

மூன்று சாட்சிகள்

'எல்லா அண்ட் லூயிஸ்' 1956 ஆகஸ்டு 16 அன்று ஹாலிவுட்டின் காபிடல் கூடத்தில் ஒரே நாளில் பதிவானது. ஆஸ்கர் பீட்டர்சன், ஹெர்ப் எல்லிஸ், ரே பிரவுன், பட்டி ரிச் ஆகியோர் பக்கவாத்தியம். பளிங்குபோன்ற எல்லா ஃபிட்ஜெரால்டின் குரலும் கரகரத்த லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரலும் மாறி மாறி வருவதால், மறுபதிப்பு செய்பவருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. தெளிவு வேண்டுமென்று உச்சத்தை ஏற்றினால் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கரகரப்பில் இருக்கும் மனிதக் கனிவு மறைந்து வெறும் உராய்வு மட்டும் எஞ்சும். இனிமை வேண்டுமென்று அதைக் குறைத்தால் ஃபிட்ஜெரால்டின் குரல் திரைக்குப் பின்னால் சென்றுவிடும். இருவரையும் ஒரே சமயத்தில் உண்மையாக நிறுத்தும் பதிப்பே வென்ற பதிப்பு. இத்தட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பதினோரு பாட்டுகள், ஏறக்குறைய 54 நிமிடங்கள், இரண்டே பக்கங்கள்: பக்கத்துக்கு 27 நிமிடம். அவ்வளவு நீண்ட பக்கத்தில் பள்ளங்களை நெருக்கி, ஒலியளவைத் தணித்தே வெட்ட முடியும். அனலாக் புரொடக்ஷன்ஸ் நிறுவனம் இதையே இரண்டு தட்டுகளாக, நிமிடத்துக்கு 45 சுழற்சியில் வெளியிட்டபோது, பக்கத்தின் நீளம் பாதியாகி, ஊசியின் கீழ் ஓடும் பள்ளத்தின் நீளமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. பதினைந்து நிமிடத்துக்குள் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டிய சிரமம் கேட்பவருக்கு ஏற்பட்டது உண்மையே. ஆனால் பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ஃபிட்ஜெரால்டின் ஸகாரம் சீறாமல் நிற்பதற்கு அந்தச் சிரமமே விலை.

இரண்டாவது சாட்சி, கோர்டன் ஜென்கின்ஸின் தந்திவாத்தியக் குழுவுடன் நாட் கிங் கோல் பாடி 1957இல் வெளிவந்த 'லவ் இஸ் த திங்'. இது மூன்று தட நாடாவில் பதிவானது. அக்காலத்தில் அந்த மூன்று தடங்களைக் கலந்து இரண்டு தட நாடாவாக்கி, அதிலிருந்தே ஸ்டீரியோ தட்டை வெட்டினார்கள். பிற்காலத்தில் கெவின் கிரேயும் ஸ்டீவ் ஹாஃப்மனும் மறுபதிப்புச் செய்தபோது மூன்று தட நாடாவையே நேரில் ஓட்டி, வெட்டும் நேரத்திலேயே கலந்து, நடுவிலிருந்த ஒரு தலைமுறையை நீக்கிவிட்டார்கள். அதன் பலன் குரலைச் சுற்றியுள்ள இடத்தில் தெரிகிறது. கோலின் குரல் வயலின்களின் மேல் ஒட்டவைத்ததுபோல இல்லாமல், வயலின்களுக்கு முன்னே, தனக்குரிய தூரத்தில், தனக்குரிய உயரத்தில் நிற்கிறது. மூலத்துக்கு ஒரு படி அருகே செல்வது என்றால் என்ன என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது சாட்சி துயரமானது. 1958 பிப்ரவரியில் பில்லி ஹாலிடே, ரே எல்லிஸின் வாத்தியக் குழுவுடன் 'லேடி இன் சாட்டின்' தட்டைப் பாடினார். வயது நாற்பத்திரண்டு, குரலோ வாழ்க்கையின் அடிகளால் உடைந்து, வறண்டு, மேல் ஸ்தாயிக்கு எட்டாமல் நின்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். இந்தத் தட்டை மறுபதிப்புச் செய்பவர் முன் ஒரு தர்மசங்கடம் எழுகிறது. குரலின் கரடுமுரடைத் தணித்து, பட்டுப்போன்ற வயலின்களோடு இசைவாக்கிவிட்டால் கேட்பதற்குச் சுகமாக இருக்கும். ஆனால் அது பில்லி ஹாலிடே ஆகாது. சொற்களின் நுனியில் அவர் குரல் பிளவுபடும் அந்தக் கணங்களில்தான் அப்பாட்டுகளின் ஜீவன் இருக்கிறது. அவற்றைக் கேட்கக் கூசும் செவி அத்தட்டை வாங்காதிருக்கலாம். அவற்றை மழுப்பும் உரிமை எந்த நிபுணருக்கும் இல்லை. ஒலித்தரம் என்பது இனிமை என்ற ஒன்றினுள் அடங்கிவிடாது என்பதற்கு இத்தட்டே நிரூபணம்.

மறைத்தலும் அழிதலும்

2022 ஜூலையில் இசைத்தட்டு ரசிகர் உலகை ஒரு செய்தி உலுக்கியது. நாடாவிலிருந்து நேராக வெட்டுவதாகப் பெரும்பாலோர் நம்பியிருந்த மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறுபதிப்புகள் பலவற்றில், நாடாவை முதலில் உயர்தர டிஜிட்டல் வடிவத்தில் பதிந்துகொண்டு, அதிலிருந்தே வெட்டியிருக்கிறார்கள் என்பது வெளியாயிற்று. 2011இல் டோனி பென்னெட்டின் தட்டொன்றிலிருந்து அம்முறை தொடங்கியதாகவும் தெரிந்தது. அந்தத் தட்டுகளை அதுவரை வானளாவப் புகழ்ந்தவர்களில் பலர் கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை. இதிலிருந்து டிஜிட்டல் படி ஒலியைக் கெடுத்துவிடும் என்ற சித்தாந்தம் தளர்ந்தது. நன்றாகச் செய்தால் அதுவும் மூலத்துக்கு விசுவாசமாக இருக்கக்கூடும் என்பது நிலைபெற்றது. ஆயினும் ரசிகர்களின் கோபம் நியாயமானதே. அவர்கள் விலைகொடுத்து வாங்கியது ஒலியை மட்டுமன்று, அந்த ஒலி வந்த வழியையும் சேர்த்து. வழியைச் சொல்லாமல் விட்டதே குற்றம்.

மறைத்தலைவிடப் பெரிய நஷ்டம் அழிதல். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யூனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில், டெக்கா, செஸ், இம்பல்ஸ் முதலிய நிறுவனங்களின் முதன்மை நாடாக்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்தது. சேதத்தின் அளவைப் பற்றி இன்றும் வாதப் பிரதிவாதங்கள் உண்டு. ஆனால் எரிந்துபோன நாடாவின் மறுபதிப்பு இனி என்றென்றும் பிரதியின் பிரதியாகவே இருக்கும் என்பதில் விவாதமில்லை. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பானிங் நகரில் அப்போலோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்தபோது, வெட்டுவதற்கான லாக்கர் தட்டுகளைச் செய்ய உலகில் ஜப்பானிய நிறுவனம் ஒன்றே பிரதானமாக எஞ்சியது. செல்வம் மிகுந்த ஓர் இசைத்தொழிலின் மூலங்களே இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும்போது, நம் பாடகர்களின் மூலங்கள் எந்நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நம் பாடகர்கள்

பி. ரம்லியின் தொடக்ககாலப் பாட்டுகள் 78 சுழற்சி அரக்கு ரெக்கார்டுகளாக வந்தன. மலாயாவின் சந்தைக்கென வந்த அக்காலத்து ரெக்கார்டுகளில் பல கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சிடப்பட்டவை. தமிழ்ப் பாடகி கே. பி. சுந்தராம்பாளின் ரெக்கார்டும் ரம்லியின் ரெக்கார்டும் ஒரே நாட்டின் அரக்கைக் கொண்டு, ஒரே வகை யந்திரத்தில் பிறந்த சகோதரர்கள் என்று சொன்னால் மிகையன்று. ஆகவே இருவரையும் பிற்காலத்தில் நீண்ட நேரத் தட்டுகளாக மறுபதிப்புச் செய்தபோது ஏற்பட்ட கேடுகளும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. மூல நாடா இல்லாத இடத்தில் அரக்கு ரெக்கார்டையே ஓட்டிப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த முறையைப் பொறுத்தே குரல் பிழைத்தது, அல்லது மாண்டது.

இங்கே மூன்று தவறுகள் நேரக்கூடும். முதலாவது, ஊசி. 78 சுழற்சி ரெக்கார்டின் பள்ளம் வினைல் தட்டினுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமானது. மெல்லிய ஊசியை அதில் இட்டால் அது பள்ளத்தின் அடியில் படிந்த தேய்மானத்தையும் துகளையும் கேட்குமே அன்றி, சுவர்களில் எழுதிய குரலைக் கேட்காது. இரண்டாவது, சமன்வளைவு. வெட்டும்போது மந்தரத்தைக் குறைத்தும் உச்சத்தை உயர்த்தியும் எழுதி, ஓட்டும்போது அதைத் தலைகீழாக்குவது இசைத்தட்டுக் கலையின் அடிப்படை. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1954இல் வகுத்த பொதுநியதியை நாளடைவில் எல்லாரும் ஏற்றனர். அதற்கு முந்திய ரெக்கார்டுகள் ஒவ்வொரு நிறுவனத்தின் வழக்கப்படி வெவ்வேறு வளைவில் வெட்டப்பட்டவை. அவற்றைப் புதிய நியதிப்படி ஓட்டினால், உயர்த்தப்படாத உச்சத்தை மேலும் குறைத்து, குரலைக் கம்பளி போர்த்தியதுபோலச் செய்துவிடுகிறோம். மூன்றாவது, வடிகட்டி. அரக்கின் சரசரப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே மெய்யெழுத்துகளின் கூர்மையும் இருக்கிறது. சரசரப்பை முழுதும் அகற்ற முனைந்தால், 'ச'வுக்கும் 'த'வுக்கும் வித்தியாசம் தெரியாத ஊமைக் குரல்தான் மிஞ்சும்.

வேகத்தின் கொடுமை இங்கே இன்னும் அதிகம். எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், இருபத்தெட்டு வயது நிரம்புமுன்னரே காலமானார். அவர் குரலின் உயரம் இன்றும் சங்கீத உலகில் பேச்சாக இருக்கிறது. அவருடைய ரெக்கார்டு நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஏறிய சுருதியில் ஒரு தலைமுறை அவரை வியந்தால், அந்த வியப்பில் ஒரு பங்கு மோட்டாருக்குச் சேரும். இறங்கிய சுருதியில் ஓட்டினாலோ, அந்த மகாவித்வானின் பிருகாக்கள் தளர்ந்து, அவர் புகழே சந்தேகத்துக்கு உள்ளாகும். மறுபதிப்பு செய்பவர் உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதியை ஆதாரமாகக் கொண்டு வேகத்தை நிர்ணயிக்க வேண்டும். எந்த வேகத்தைக் கொண்டார் என்பதை அட்டையிலும் எழுத வேண்டும்.

ரம்லியின் விஷயத்தில் இன்னொரு நுட்பமும் சேர்கிறது. திரைப்படத்தின் ஒலித்தடத்தில் கேட்கும் பாட்டும், இசைத்தட்டுக்கெனப் பாடிய பாட்டும் எப்போதும் ஒன்றே அல்ல. வாத்தியங்கள் வேறுபடுவதுண்டு, நடை வேறுபடுவதுண்டு. 1960ஆம் ஆண்டின் 'அந்தாரா டுவா டர்ஜாட்' படத்துப் பாட்டாகிய 'கெத்தாரான் ஜீவா'வை விரும்பிக் கேட்பவர், தாம் கேட்பது எந்த வடிவம், படத்தினுடையதா, தட்டினுடையதா, பின்னாளில் எதிரொலி சேர்த்துப் புதுப்பித்ததா என்று அறிய உரிமையுள்ளவர். ரம்லியின் குரலின் சிறப்பே அதன் நெருக்கத்தில் இருக்கிறது: ஒலிவாங்கிக்கு அருகே நின்று, உரக்கப் பாடாமல், வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சிறிது தாமதித்து வைக்கும் அந்த ஜாஸ் பாடகர்களின் பண்பு. அக்குரலுக்குப் பெரிய மண்டபத்தின் எதிரொலியைப் பூசுவது, அந்தரங்கமாகப் பேசுபவரைப் பொதுக்கூட்ட மேடையில் ஏற்றுவதற்குச் சமானம்.

செய்யத் தக்கவை

இதுவரை கண்டவற்றால் நான் வந்தடைந்த முடிவுகளைத் தொகுத்துச் சொல்கிறேன். வினைலின் கனம் 180 கிராமா, 140 கிராமா என்பது தட்டு வளையாதிருக்க உதவலாம். குரலை அது உண்டாக்குவதில்லை. முதற்பதிப்பு என்ற பட்டமும் தனியே நின்று எதையும் நிரூபிப்பதில்லை. மூலத்துக்கு மிக அருகிலுள்ள நாடா, அதை அறிந்து வெட்டும் கை, பக்கத்தை நீட்டாத நிதானம், குறையையும் குரலின் ஒரு பாகமாக மதிக்கும் மனம் இவை நான்கும் கூடிய இடத்திலேயே சிறந்த மறுபதிப்பு பிறக்கிறது. இவை இருந்தனவா என்பதைக் கேட்பவர் ஊகித்துக்கொண்டிருக்கக் கூடாது. எந்த நாடா, எத்தனையாவது பிரதி, டிஜிட்டல் படி உண்டா, வெட்டியவர் யார், அரக்கு ரெக்கார்டிலிருந்து எடுத்ததாயின் எந்த ஊசி, எந்த வேகம், எந்த வளைவு, எவ்வளவு வடிகட்டல் என்ற விவரங்களை அட்டையின் பின்புறத்தில் நாலு வரியில் அச்சிட்டால் போதும். பழைய ஏடுகளைப் பதிப்பித்த நம் பெரியோர்கள், தாம் பார்த்த சுவடிகள் எவை, அவை எங்கே கிடைத்தன, எங்கே பாடம் சிதைந்திருந்தது என்று முகவுரையில் எழுதுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். ஒலியைப் பதிப்பிப்பவர்களுக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

பினாங்கில் இதற்கான அடிப்படை இல்லாமற் போகவில்லை. 2004 முதல் இத்தீவில் ஜாஸ் விழா நடந்தது. 2016இல் கொம்தார் கட்டடத்தில் பினாங்கின் இசை வரலாற்றுக்கென ஒரு காட்சிக்கூடமே ஏற்பட்டது. மாநிலப் பொது நூலகத்தின் தலைமையகம் செபராங் ஜெயாவிலேயே இருக்கிறது. ரம்லி, சலோமா, ஜிம்மி பாய்ல், மலாயாவில் விற்பனையான தமிழ் ரெக்கார்டுகள் ஆகியவற்றின் பிரதிகள் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஒரே ரெக்கார்டின் பல பிரதிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் தேயாத பகுதியைத் தேர்ந்து, உரிய ஊசியால் ஓட்டி, எந்த வடிகட்டலும் எந்தப் பூச்சும் இல்லாத பிரதி ஒன்றை முதலில் பொதுச் சொத்தாகப் பாதுகாத்துவிட வேண்டும். அதிலிருந்து நாளைக்கு யார் எவ்விதமாக மறுபதிப்புச் செய்தாலும், பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள மூலம் இருக்கும். ஈரமும் பூசணமும் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை; அலமாரியில் தட்டு வைத்திருப்பவர்கள் இந்த வேலையை இவ்வாண்டிலேயே தொடங்கலாம், தங்கள் தட்டுகளின் வெற்று வளையத்தில் உள்ள எண்களைக் குறித்து ஒரு பட்டியல் எழுதுவதிலிருந்து.